எண்ணூறு ஆண்டு காத்த ஏடுகள்

ஜப்பானியப் பிரபு வம்சத்தின் புத்தகசாலை பிறந்த கதை

பொன்னைப் பூட்டி வைத்தால் அது வைத்தபடியே இருக்கும். காகிதம் அப்படியா? நெருப்புக்கு அஞ்ச வேண்டும்; நீருக்கு அஞ்ச வேண்டும்; பூச்சிக்கு அஞ்ச வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, இரவல் கேட்டு வருபவருக்கு அஞ்ச வேண்டும்! தாத்தா அருமையாகச் சேர்த்த புத்தகங்களைப் பேரன் எடைக்குப் போடுவது உலகெங்கும் நடக்கிற சங்கதி. அப்படியிருக்க, ஒரே வம்சத்தார் தங்கள் முன்னோர் கைப்பட எழுதிய ஏடுகளைச் சுமார் 800 ஆண்டுகளாகக் காத்து வந்திருக்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

அந்த வம்சத்தின் பெயர் ரெய்ஸேய். ஊர், ஜப்பானின் பழைய தலைநகரமான கியோட்டோ. சக்கரவர்த்தியின் பழைய அரண்மனைக்கு வடக்கே, இமாடெகாவா என்ற வீதியில் அவர்களுடைய மாளிகை இருக்கிறது. டோஷிஷா சர்வகலாசாலையின் கட்டடங்கள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. 1606-ம் ஆண்டு முதல் அதே மனையில் அந்தக் குடும்பம் வாழ்ந்து வருகிறது. அரசவைப் பிரபுக்களின் பழைய மாளிகைகளில் முழு உருவத்தோடு எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

மாளிகையைக் காட்டிலும் பெருமை வாய்ந்தது அதன் முற்றத்தில் நிற்கும் ஒரு மண்சுவர்க் கிடங்கு. கனத்த சுவர், வெளியே சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே புகத் தடித்த கதவு. அதற்கு 'ஒபுங்கோ' என்று பெயர். 'புங்கோ' என்றால் நூற்களஞ்சியம். முன்னால் நிற்கும் 'ஒ' மரியாதைச் சொல். குடும்பத்தார் அதைக் கோயிலாகவே மதிக்கிறார்கள். குடும்பத் தலைவரும் அவருடைய வாரிசும் தவிர வேறு எவரும், வீட்டுப் பெண்மணிகள்கூட, அதற்குள் காலடி வைக்கக் கூடாது என்பது நெடுங்காலக் கட்டளை.

இவ்வளவு கட்டுக்காவலோடு காத்த பொக்கிஷம் யார் சேர்த்தது? எதற்காகச் சேர்த்தது? பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு போனால் ஒரு கிழக் கவிஞரிடமும், அவருடைய பிள்ளையிடமும், ஒரு விதவைத் தாயிடமும், ஒரு சொத்து வழக்கிடமும் போய் நிற்கிறோம்!

கவிதையே குலத்தொழில்

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜப்பானில் கவிதை என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. 31 அசைகள் கொண்ட 'வாகா' என்ற சிறு பாட்டு எழுதத் தெரியாதவனுக்கு அரசவையில் மதிப்பில்லை. காதலுக்கும் பாட்டு, இரங்கலுக்கும் பாட்டு, பதவி உயர்வு வேண்டி விண்ணப்பம் செய்வதற்கும் பாட்டுதான். சிறந்த பாட்டுக்களைத் திரட்டித் தொகை நூலாக்கும்படி சக்கரவர்த்தியே ஆணை பிறப்பிப்பார். 905-ம் ஆண்டில் ஆணை பெற்ற 'கோகின்ஷு' முதல் 1439-ல் முடிந்த கடைசித் தொகை வரை, இப்படி 21 நூல்கள் எழுந்தன. அந்தத் தொகைகளைத் தொகுக்கும் பொறுப்பு ஒருவருக்குக் கிடைத்தால் அதைக் காட்டிலும் பெரிய கீர்த்தி வேறில்லை.

இந்தத் துறையில் தலைநிமிர்ந்து நின்றவர் புஜிவாரா ஷுன்செய். 1114-ல் பிறந்து 1204-ல் மறைந்தவர். தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவர். ஏழாவது அரசவைத் தொகையைத் தொகுத்தவர் அவரே. அவருடைய மகன் தெய்கா எட்டாவது தொகையைத் தொகுத்த குழுவில் ஒருவர்; ஒன்பதாவதைத் தனியே தொகுத்தவர். தெய்காவின் மகன் தமெயியே பத்தாவதைத் தொகுத்தார். தந்தை, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைக்கும் ஒரே கீர்த்தி!

தச்சன் வீட்டில் உளி இருப்பதுபோல, இந்தக் கவிஞர் வீட்டில் ஏடுகள் இருந்தன. பழைய தொகைகளின் நல்ல பிரதி, முன்னோர் கவிகளின் தனித் தொகுப்பு, பாட்டுப் போட்டிகளின் தீர்ப்பு, சொற்பொருள் குறிப்பு ஆகிய எல்லாம் தொழிற்கருவிகள். ஒரு சொல்லைப் பற்றிச் சபையில் தகராறு எழுந்தால் யாரிடம் பழைய, பிழையற்ற பிரதி இருக்கிறதோ அவர் வைத்ததே சட்டம். ரெய்ஸேய் புத்தகசாலையின் வித்து இதுதான்.

கிழவர்களின் எழுதுகோல்

1197-ம் ஆண்டில், தம் 84-வது வயதில், ஷுன்செய் ஒரு கவிதை இலக்கண நூலை எழுதினார். பழங்காலம் முதல் தம் காலம் வரை பாட்டின் போக்கு எப்படி மாறி வந்தது என்று எடுத்துக்காட்டுகளோடு விளக்கும் நூல் அது. எண்பது தாண்டிய அந்தக் கை எழுதிய அதே ஏடு இன்றும் ஒபுங்கோவின் சொத்து.

மகன் தெய்காவோ தந்தையைத் தூக்கி விழுங்கிய பிள்ளை. நூறு புலவர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு பாட்டு என்று தேர்ந்து அவர் அமைத்த 'ஹியகுனின் இஷ்ஷு' என்ற தொகுப்பு, ஜப்பானியக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். புத்தாண்டுப் பண்டிகையின்போது வீடுகளில் சீட்டு விளையாட்டாக அதை வைத்து ஆடுகிறார்கள். கவிஞர் என்ற புகழ் ஒருபுறம் இருக்க, பிரதி எடுப்பதில் அவருக்கு இணை எவரும் இல்லை. முதல் தொகையாகிய கோகின்ஷுவைப் பலமுறை தம் கையாலேயே படி எடுத்தார். 1226-ல், 65-வது வயதில் எடுத்த படியும், 1234-ல், 73-வது வயதில் எடுத்த இரண்டாவது தொகையின் படியும் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள்.

பிரதி எடுப்பதில் அவர் காட்டிய சிரத்தைக்கு ஒரு சான்று சொல்லலாம். கோகின்ஷுவைத் தொகுத்தவர்களில் ஒருவரான சுராயுகி என்பவர், சுமார் 935-ல் 'டோசா நாட்குறிப்பு' என்ற பயண நூலை எழுதினார். அவர் கைப்பட எழுதிய மூலச்சுருள், 300 ஆண்டுகள் கழித்துக் கியோட்டோவில் ஒரு கோயில் கருவூலத்தில் தெய்காவின் பார்வைக்கு எட்டியது. ஆண்டு 1235. அப்போது அவர் நோயாளி. கண் ஏறக்குறைய இருண்டுவிட்டது என்று அவரே பிரதியின் முடிவில் எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் இரண்டே நாளில் முழுவதையும் படி எடுத்தார். மூலத்தின் காகித அளவைக் குறித்துக் கொண்டார். சுராயுகியின் எழுத்து எப்படி இருந்தது என்று வருங்காலத்தார் அறிவதற்காக, கடைசிப் பகுதியை மூலத்தின் எழுத்துச் சாயலிலேயே வரைந்து காட்டினார். மூலச்சுருள் பிற்காலத்தில் மறைந்தே போயிற்று. தெய்காவின் பிரதி மிஞ்சியது. அது இன்று மாயேதா என்ற மற்றொரு பிரபு வம்சத்தின் நூல்நிலையத்தில் இருக்கிறது.

தெய்காவுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் உண்டு. 1180-ல், 19-வது வயதில் இருந்த காலத்திலிருந்து 1235 வரை ஐம்பத்தைந்து ஆண்டுக் காலச் செய்திகள் அதில் இருக்கின்றன. 'மெய்கெட்ஸுகி', அதாவது 'ஒளிமதிக் குறிப்பு' என்று அதற்குப் பெயர். அரசவைச் சடங்கு, பதவி கிடைக்காத ஏக்கம், பல்வலி, இருமல், ஊரில் தீ, பஞ்சம் என எல்லாம் அதில் உண்டு. காகிதம் விலையுயர்ந்த காலமாகையால், தமக்கு வந்த கடிதங்களின் பின்புறத்திலும் எழுதியிருக்கிறார். 1230-ல் வானத்தில் புதிய ஒளி ஒன்று தோன்றியபோது, முன்பு இப்படித் தோன்றிய 'விருந்தாளி நட்சத்திரங்கள்' எவை என்று சோதிட அதிகாரிகளிடம் விசாரித்துப் பதிவு செய்து வைத்தார். அவற்றுள் ஒன்று 1054-ல் தோன்றியது. வானில் இன்று தொலைநோக்கியால் காணும் நண்டு நெபுலா, அன்று வெடித்த அந்த நட்சத்திரத்தின் மிச்சமே என்று இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் துணிந்தபோது, இந்தக் கவிஞரின் குறிப்பும் சாட்சியாக நின்றது!

பிரதி எடுக்க வந்த பெண்மணி

தெய்கா 1241-ல் காலமானார். ஏடுகள் எல்லாம் மகன் தமெயியேக்கு வந்தன. இங்கேதான் கதை திரும்புகிறது.

தமெயியேக்கு முதல் மனைவியிடம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவர் பெயர் தமேயுஜி. முறைப்படி பார்த்தால் வீடும் நிலமும் ஏடும் மூத்த பிள்ளைக்கே போயிருக்கும். ஆனால் 'கெஞ்ஜியின் கதை' என்ற பெருங்காவியத்தைப் பிரதி எடுக்கும் வேலையாக அந்தக் குடும்பத்தோடு தொடர்பு கொண்டாள் ஒரு பெண்மணி. நல்ல படிப்பு; நல்ல கையெழுத்து; கவி பாடவும் வல்லவள். முதிய வயதில் தமெயியே அவளை மணந்தார். பிற்காலத்தில் துறவுக்கோலம் பூண்டு அபுத்ஸு என்ற பெயரால் அவள் இலக்கியத்தில் நிலைத்தாள். 1263-ல் அவளுக்குத் தமெசுகே என்ற மகன் பிறந்தான். தந்தைக்கு அப்போது வயது 65 கடந்துவிட்டது.

முதுமையில் பிறந்த பிள்ளையிடம் தகப்பனுக்குப் பாசம் அதிகம் என்பது எந்தத் தேசத்துக்கும் பொது. மூத்தவனுக்கு என்று முன்பு எழுதிக் கொடுத்திருந்த ஹோசொகாவா பண்ணை நிலத்தைத் தமெயியே திரும்பப் பெற்று இளையவன் பெயருக்கு எழுதினார். அத்தோடு நிற்கவில்லை. பரம்பரைக் கவிதை ஏடுகளும், தம் தந்தை தெய்காவின் நாட்குறிப்பும் இளையவனுக்கே சேர வேண்டும் என்றும் பத்திரம் எழுதி வைத்தார். அந்தத் தஸ்தாவேஜுகளும் ரெய்ஸேய் கிடங்கிலேயே பத்திரமாக இருக்கின்றன! நூல்நிலையத்தின் பிறப்புச் சீட்டு நூல்நிலையத்துக்குள்ளேயே கிடக்கிறது என்று சொல்லலாம்.

1275-ல் தமெயியே கண்ணை மூடினார். பன்னிரண்டு வயதுப் பாலகன் ஒரு பக்கம். ஐம்பது வயது தாண்டிய, பதவியும் பலமும் உள்ள மூத்த தமையன் மறு பக்கம். நிலத்தைத் தம்பிக்கு விட்டுக் கொடுக்கத் தமேயுஜி மறுத்தார். தாய் என்ன செய்தாள்? கியோட்டோவில் நியாயம் கிடைக்காதென்று கண்டு, இராணுவ ஆட்சியின் தலைமையிடமான கமகுராவுக்கே போய் வழக்காடத் துணிந்தாள். போர்வீரர் அரசு 1232-ல் இயற்றிய சட்டத்தில், பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்தைத் தகப்பன் மனம் மாறித் திரும்பப் பெறுவதற்கு இடம் இருந்தது. அந்த நம்பிக்கைதான் அவளுக்குத் துணை.

1279-ம் ஆண்டு, ஜப்பானியப் பஞ்சாங்கத்தின் பத்தாம் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், பதினாறாம் பிறையன்று அவள் புறப்பட்டாள். மலையும் ஆறும் கடந்து பதினான்கு நாள் பயணம். அந்தப் பயணத்தை அவள் எழுதி வைத்த 'பதினாறாம் பிறை நாட்குறிப்பு' ஜப்பானியப் பள்ளிகளில் பாடம். வழக்கோ நீண்டது. அவள் 1283-ல் இறந்தாள். தீர்ப்பைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. தீர்ப்பு முன்னும் பின்னும் புரண்டு, 1313-ல்தான் தமெசுகே பக்கம் முடிவாயிற்று. தாய் நடந்த பயணத்துக்கு 34 ஆண்டுகள் கழித்துப் பலன்!

தமெசுகேயின் வழியே ரெய்ஸேய் வம்சம். அண்ணன்மார் வழியில் நிஜோ, கியோகொகு என்ற இரண்டு கிளைகள் தோன்றின. செல்வாக்கில் அவை மேலோங்கி நின்றதும் உண்டு. ஆனால் சுமார் 1400-க்குள் இரண்டும் பட்டுப்போயின. அவற்றின் ஏடுகளும் சிதறின. ஏடுகளை வைத்திருந்த இளையவன் கிளையே தழைத்தது.

அரசன் இட்ட முத்திரை

சேர்ப்பது ஒரு சாமர்த்தியம் என்றால் காப்பது நூறு சாமர்த்தியம். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோட்டோ நகரம் சாம்பலாயிற்று. அந்தப் போரையும் ஏடுகள் கடந்தன. பிறகு வந்த ஆபத்தோ நெருப்பால் அன்று, புகழால் வந்தது.

தெய்காவின் கையெழுத்து அழகானது அன்று. தம் எழுத்துப் பேய்க்கிறுக்கல் என்று அவரே நொந்துகொண்டவர்தாம். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கு ஆசிரியர்கள் அந்தத் தடித்த எழுத்தில் தனி அழகைக் கண்டார்கள். தேநீர் அறையின் மாடத்தில் தெய்கா எழுதிய ஒரு துண்டு தொங்கினால் பெருமை. பிரபுக்கள் போட்டி போட்டார்கள். நாட்குறிப்பின் சுருள்களை வெட்டித் துண்டாக்கித் தொங்கவிடவும் தொடங்கினார்கள்.

இப்படியே போனால் மூலதனமே கரைந்துவிடும் என்று கண்ட அரசவை, கிடங்குக்கு முத்திரை வைத்தது. சக்கரவர்த்தியின் ஆணையால் பூட்டிய கதவை வீட்டுத் தலைவர்கூடத் தம் இஷ்டப்படி திறக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அந்த முத்திரை நீங்கியது. முன்னோர் சொத்து முற்றத்திலேயே இருக்க, அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாத நிலையில் தலைமுறைகள் கழிந்தன!

1788-ல் மறுபடியும் நெருப்பு. அரண்மனை எரிந்தது, ஊரில் பெரும்பகுதி எரிந்தது, ரெய்ஸேய் மாளிகையும் எரிந்தது. ஒபுங்கோவின் மண்சுவர் மட்டும் நின்றது. அந்தச் சுவரைச் சுற்றி 1790-ல் மறுபடி எழுப்பிய மாளிகைதான் இன்று நாம் காண்பது.

அடுத்து 1869-ல் ஒரு சோதனை. சக்கரவர்த்தி டோக்கியோவுக்குப் போய்விட்டார். அவரைப் பின்பற்றிப் பிரபு குடும்பங்களும் மூட்டை கட்டின. ரெய்ஸேய் குடும்பம் மட்டும் கியோட்டோவிலேயே தங்கியது. அன்று அது பின்தங்கிப் போனதாகத் தோன்றியிருக்கும். ஆனால் 1923-ல் டோக்கியோவைப் பூகம்பமும் தீயும் அழித்தன; 1945-ல் விமானக் குண்டுகள் எரித்தன. அங்கே போன பழைய ஏடுகளில் எத்தனையோ அழிந்தன. போகாமல் நின்றது எத்தனை பெரிய பாக்கியம்!

பூட்டைத் திறந்த தலைமுறை

1947-ல் ஜப்பானில் பிரபுப் பட்டங்கள் ஒழிந்தன. மானியம் இல்லை, பட்டம் இல்லை, நகரின் நடுவே பெரிய மனையும் பழைய மாளிகையும் மட்டும் தலைமேல். அதைப் பழுது பார்த்து வரியும் கட்டி வருவது ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறிய காரியமாயிற்று. ஏடு இரண்டை விற்றால் போதும், கஷ்டம் தீர்ந்திருக்கும். வாங்கப் பணக்காரர்களுக்கும் குறைவில்லை.

அவர்கள் விற்கவில்லை. 1980-ல் கிடங்கின் கதவை அறிஞர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கேள்விப்பட்ட இலக்கிய உலகம் திகைத்தது. மறைந்துவிட்டன என்று நினைத்த மூலங்கள் பெட்டி பெட்டியாக அங்கே இருந்தன! 1981-ல் மாளிகை, ஏடு, சடங்குகள் எல்லாவற்றையும் ஓர் அறநிலையத்திடம் ஒப்படைத்தார்கள். 'ரெய்ஸேய்-கெ ஷிகுரெதெய் புங்கோ' என்று அதற்குப் பெயர். 'ஷிகுரெ' என்றால் பனிக்காலத்துக்கு முன் வரும் சிறு தூறல். ஷிகுரெதெய் என்பது தெய்காவின் மலையடிவாரக் குடிலின் பெயர்.

தந்தை ஷுன்செய்யின் நூல், தெய்காவின் இரு தொகைப் பிரதிகள், அவர் தம் பாடல்களைத் தாமே திரட்டிய ஏடு, நாட்குறிப்பு ஆகிய ஐந்தும் தேசியப் பொக்கிஷங்கள். அவை தவிர நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் முக்கியக் கலாசாரச் சொத்துக்கள். 1992 முதல் ஏடுகளை நிழற்படமாக அச்சிட்டு 84 தொகுதிகள் கொண்ட வரிசையாக வெளியிட்டார்கள். பிறகும் அது தொடர்ந்தது. அன்று சக்கரவர்த்தியின் முத்திரையால் மறைந்திருந்த எழுத்தை இன்று எந்தக் கல்லூரி மாணவனும் நூல்நிலையத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகும் கிடங்கு வெறுமையாகிவிடவில்லை. கோகின்ஷுவின் இரகசியப் பாடங்கள் அடங்கிய ஒரு மரப்பெட்டி அங்கே உண்டு. குடும்பத் தலைவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதைத் திறக்கலாம் என்பது சம்பிரதாயம். சுமார் 130 ஆண்டுகளாக யாரும் தொடாமல் இருந்த அந்தப் பெட்டி 2022-ல் திறக்கப்பட்டது. உள்ளே இருந்தது 'கென்சூ மிக்கான்' என்ற உரைநூல். கெஞ்ஷோ என்ற துறவி, தெய்கா குடும்பத்துக்குப் போட்டியான கவிஞர் குழுவைச் சேர்ந்தவர். அவர் கோகின்ஷுவுக்கு எழுதிய குறிப்புக்களின் கீழே, 1221-ல் தெய்கா தம் கருத்தைச் சேர்த்த நூல் அது. படிகள் ஊரெல்லாம் உண்டு. மூலம் இருப்பதாக யாருக்கும் தெரியாது. மூன்று பாகங்களில் இரண்டு தெய்காவின் சொந்தக் கையெழுத்து. அடித்து, திருத்தி, யோசித்து எழுதிய தடமெல்லாம் அதில் தெரிகின்றன. 2024 ஏப்ரலில் இந்தச் செய்தி வெளியானபோது ஜப்பானியப் பத்திரிகைகள் முதற்பக்கச் செய்தியாகக் கொண்டாடத்தக்க விருந்து கிடைத்தது.

எதிராளியின் குறிப்பையும் அழிக்காமல் எழுதி, அதன் கீழே தம் கருத்தை வைத்த தெய்காவின் நியாய புத்தியை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் புத்தியே ஒரு நூல்நிலையத்துக்கு அஸ்திவாரம்.

பெரும் பணம் கொடுத்து வாங்கி அடுக்கிய அலமாரிகள் உலகில் எத்தனையோ உண்டு. இந்தக் களஞ்சியத்தில் கண் மங்கிய கிழவர் எழுதிய எழுத்து இருக்கிறது; பிள்ளைக்காகப் பதினான்கு நாள் வழிநடந்த தாயின் பிடிவாதம் இருக்கிறது; பார்க்கக்கூட அனுமதியின்றிக் காவல் இருந்தவர்களின் பொறுமை இருக்கிறது; வறுமையிலும் விற்காதவர்களின் மானம் இருக்கிறது. ஒரு காலத்தில் பூட்டி வைத்தது தர்மம். மற்றொரு காலத்தில் திறந்து கொடுத்தது தர்மம். எது எப்போது என்று அறிந்திருந்தார்களே, அதுதான் ரெய்ஸேய் வம்சத்தின் பெருமை.